ஏட்டம்மா வாபஸ் வாங்கிய சொல்

திண்டுக்கல் பக்கத்து மகளிர் காவல் நிலையம் ஒன்றில் ஜக்கம்மாள் என்றொரு ஏட்டம்மா உண்டு. இன்ஸ்பெக்டர்கள் மாற்றலில் வருவார்கள், மாற்றலில் போவார்கள். மனுவைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற சனம் வாசலில் கேட்பது மட்டும் ஒன்றுதான்: ஏட்டம்மா இருக்காகளா? இருந்தால் உட்காரும். இல்லையென்றால் நாளைக்கு வாரோம் என்று பஸ் ஏறிவிடும். அப்படி ஒரு பெயரைச் சம்பாதிக்க நாலு ஜில்லாவில் எத்தனை பேரால் முடிந்தது? எண்ணிப் பார்த்தால் இரண்டாவது விரல் மடங்காது.

யாரும் தூக்கிவிட்டு அவள் மேலே வரவில்லை. தொப்பம்பட்டிக்குத் தெற்கே மானாவாரிக் காட்டில் பிறந்தவள். அப்பன் ஊர் ஊராகக் கிணறு வெட்டப் போனவர். பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு தடவை மண்ணைக் கவ்வி, மறுதடவை எழுதித் தேறினாள். போலீசுக்கு ஆள் எடுத்த அன்றைக்கு அவள் காலில் செருப்புகூட இல்லை. ஷூ மாட்டி வந்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தை வெறுங்காலோடு தாண்டி ஓடி முடித்தாள். அந்த ஓட்டத்தின் கதையைப் புதிதாக வருகிற எந்தக் காவலர் பெண்ணுக்கும் அவள் சொல்லாமல் விட்டதில்லை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மைதானம் கொஞ்சம் பெரிதாகும். அதனால் என்ன, ஓடியது அவள்தானே.

இருபத்தொரு வருஷச் சர்வீஸில் பழனிப் பக்கத்துப் பேச்சு வாயை விட்டு முக்கால்வாசி போய்விட்டது. கோபம் வந்தால் மட்டும் அந்த ‘ங்க’ திரும்பி வரும். சாதாரண நாளில் ஏலே, ஏத்தா என்று பேசுகிறவள், ‘சொல்லுங்க, உட்காருங்க’ என்று மரியாதையை ஏற்ற ஆரம்பித்தால் எதிரில் நிற்கிறவன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஓடிப்போன பெண்களின் விவகாரம். வீட்டை விட்டுப் போன பெண்ணைக் கண்டுபிடித்து, பேசி, கரைத்து, பெற்றவர்கள் கையில் ஒப்படைத்து, ‘என் சம்மதத்தின் பேரில் தாயாருடன் செல்கிறேன்’ என்று எழுதி வாங்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. முதலில் ஜோடியைப் பிரித்து வேறு வேறு அறையில் உட்கார வைப்பாள். கூட்டிப்போன ஆளிடம், அடுத்த அறைக்குக் கேட்கிற குரலில், கடத்தல் கேஸ், ஏழு வருஷம் என்பாள். பிறகு பெண்ணையும் தாயையும் அரைமணி நேரம் தனியே விடுவாள். மீதியைக் கண்ணீர் பார்த்துக்கொள்ளும். பெண் பதினெட்டு முடிந்தவளாக, தன் இஷ்டத்தில் போனவளாக இருந்தால் கடத்தல் கேஸ் நிற்காது என்பது ஜக்கம்மாளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த ஏட்டம்மாவும் அதைத்தான் சொன்னாள். அவளுக்கு முன்னால் இருந்தவளும் சொன்னாள். நல்லதுக்குச் சொல்கிற பொய் என்று எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை. இன்ஸ்பெக்டர் கும்பாபிஷேகப் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார், எஸ்.ஐ. கோர்ட்டுக்குப் போய்விட்டார். நிலையம் ஜக்கம்மாள் கையில். கூட இருந்தது பக்ருன்னிசா என்ற இளம் காவலர் மட்டும்.

மேசையில் இருந்த மனு நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டக்காரி வெள்ளையம்மாள் கொடுத்தது. மகள் பானுப்ரியா, வயது இருபது, ஒன்பது நாளாகக் காணவில்லை. வெள்ளையம்மாளுக்குப் புருஷன் இல்லை. தம்பி மோகன்குமார்தான் தாங்குகிறான். பூ வேன்கள் ஓட்டுகிறவன், நாலு பேருக்குத் தெரிந்தவன். தாய்மாமன் முறைக்குத் தை மாதம் அவனே பானுவைக் கட்டுவதாகப் பேச்சு. பானு போயிருந்தது எந்தப் பையனோடும் இல்லை. லிடியா என்ற பெண்ணோடு. லிடியா திண்டுக்கல் டவுன்காரி, ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற வேலை, பானுவைவிட மூன்று வயது மூத்தவள். இரண்டு பேரும் டவுனில் அறை எடுத்து இருந்தார்கள். ஜக்கம்மாள் போன் போட்டதும் பத்து மணிக்கு அவர்களாகவே நிலையத்துக்கு வந்து நின்றார்கள். ஒளியவில்லை. கையைப் பிடித்திருந்தார்கள், வாசல்படி ஏறும்போது விட்டார்கள்.

விஷயம் என்னவென்று ஜக்கம்மாளுக்கு ஒரு பார்வையில் விளங்கியது. விளங்கியும், கை பழகின வழியில்தான் போனது. பானுவை உள்ளே, பிள்ளைகள் விளையாடுவதற்கென்று சுவரில் முயலும் மயிலும் வரைந்த அறையில் உட்கார வைத்தாள். லிடியாவை முன்பக்கப் பெஞ்சில் உட்கார வைத்துக் குரலை உயர்த்தினாள்.

“பொம்பளப் புள்ளையக் கூட்டிட்டுப் போயி வச்சிருக்க. கடத்தல் கேஸு இது. ஏழு வருஷம் உள்ள இருக்கணும், தெரியுமா?”

“அவ பச்சப் புள்ள இல்ல மேடம். இருபது வயசு.”

“வயச வச்சு என்னத்தப் பண்ண. அவுக அம்மா மனு குடுத்துருச்சு. ஒன் வேலையும் போகும்.”

லிடியா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஜக்கம்மாள் டீ சொல்லிவிட்டாள்.

பதினொரு மணிக்கு மோகன்குமார் கார் வந்து வாசலிலேயே நின்றது. அவனும் மூன்று ஆட்களும் இறங்கினார்கள். கடைசியாக வெள்ளையம்மாள் தூக்குச்சட்டியோடு இறங்கினாள், மகளுக்கு இட்லி. ஜக்கம்மாள் ஆண்களை வெளியே நிறுத்தி, தாயை மட்டும் அழைத்து, உள்ளே போய் என்ன பேச வேண்டும் என்று வழக்கம்போல் பாடம் சொன்னாள். நீ வந்துவிட்டால் லிடியா மேல் கேஸ் வராமல் ஏட்டம்மா பார்த்துக்கொள்வார்கள் என்று சொல், அது ஒன்று போதும் என்றாள்.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, “வாரேங்குது தாயி,” என்றாள். இட்லி அப்படியே இருந்தது.

ஜக்கம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தாயா என்பதுபோல் பக்ருன்னிசாவைப் பார்த்து, ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பானுவிடம் எழுதி வாங்கி வரச் சொன்னாள். மோகன்குமார் உள்ளே எட்டிப் பார்த்து, பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறக்கிறது, அதற்கு முன்னால் கிளம்ப வேண்டும், சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்றான். மணி பதினொன்று முப்பத்தைந்து.

அந்தச் செத்த நேரத்தில்தான் வெள்ளையம்மாள் மனம் விட்டுப் பேசினாள். ஏட்டம்மாவைத் தெய்வமாக நினைத்துத்தான் பேசினாள். மகளை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேரே ஒரு இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள், மகளிடமும் சொல்லியாயிற்று. தம்பி விசாரித்து வைத்திருக்கிறான். இந்த மாதிரிப் புத்தி பிசகின பிள்ளைகளைச் சரிபண்ணுகிற இடமாம். நாலு மாதம். தையில் கல்யாணத்துக்கு முன்னால் எல்லாம் சரியாகிவிடுமாம்.

டாக்டர் உண்டா என்று ஜக்கம்மாள் கேட்டாள். அது தெரியாது என்றாள் தாய். நீ போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

“மொத மாசம் வரக் கூடாதுன்டாக. போனும் குடுக்க மாட்டாக. கத்துனா கதறுனா தாயி மனசு தாங்காதாம்ல, அதுக்குத்தான் தூரமாப் பாத்திருக்கான் தம்பி,” என்றவள், ஏட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “போலீசு அனுப்புன மாதிரி ஒரு சீட்டுக் குடுத்தீகன்னா அங்க மரியாதையா வச்சுக்குவாக,” என்றாள்.

ஜக்கம்மாள் கையை உருவிக்கொள்ளவில்லை. அதற்குள் பக்ருன்னிசா தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வைத்த பிறகும் நகராமல் நின்றாள். வழக்கமான வாசகம் முழுதும் இருந்தது. கையெழுத்துக்கு மேலே, யாரும் சொல்லாமல், பானு தானாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: எனக்கு இனிமேல் எது நடந்தாலும் அதற்கு லிடியா காரணம் இல்லை.

இருபத்தொரு வருஷம் போலீஸில் இருந்தவளுக்கு அந்த வரி புதிதில்லை. அப்படி எழுதப்பட்ட தாள்களை அவள் பார்த்திருக்கிறாள். அவற்றை எழுதியவர்களைத்தான் உயிரோடு பார்த்ததில்லை. இந்தப் பெண்ணோ பக்கத்து அறையில், சுவரில் வரைந்த முயலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள்.

பக்ருன்னிசாவைப் போய் பானுவின் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். ஒரு நிமிஷம்கூட தனியே விடாதே, ஒன்றும் கேட்காதே, சும்மா இரு என்றாள். வெள்ளையம்மாளிடம் எஸ்.ஐ. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள். போன் போட்டது எஸ்.ஐ.க்கு இல்லை. ஜோஸ்பினுக்கு.

ஜோஸ்பின், பாதிக்கப்பட்ட பெண்களுக்காக அரசு நடத்துகிற சேவை மையத்தில் ஆலோசகர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காவலர்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுக்க வந்தவர். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜக்கம்மாள் கடைசி வரிசையில் பாதிக்கண்ணை மூடியிருந்தாள். ஆனாலும் ஒரு வாக்கியம் காதில் விழுந்து கிடந்தது: யார் மேல ஆசை வருதுங்கிறது வியாதி இல்ல, அதுக்கு வைத்தியம் பண்றேன்னு சொல்றவன்கிட்டதான் கோளாறு. உயர் நீதிமன்றம் சொன்னதையும் அந்த அம்மாதான் விளக்கினார். இந்த மாதிரிக் காணாமல்போன மனுவில், வயது வந்தவர்கள் தங்கள் விருப்பத்தில்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் மனுவை முடிக்க வேண்டும். அந்தச் சுற்றறிக்கை நிலையத்துக்கும் வந்தது. ஜக்கம்மாள் படித்தேன் என்று கையெழுத்துப் போட்டாள், படிக்காமல்.

ஜோஸ்பின் முழுதையும் கேட்டுக்கொண்டார். அந்த மாதிரி இடங்களில் பிள்ளைகளைக் கட்டிப்போடுவதை நேரிலேயே பார்த்திருக்கிறேன் என்றார். வண்டி எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், அரைமணி ஆகும் என்றார். அதுவரை பானுவைத் தனியாகப் பார்க்கச் சொன்னார். தாய்கூட இருக்கக் கூடாது. உயிரை விடுகிற எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கச் சொன்னார். “கேட்டா நெனப்பு வந்துரும்னு பயப்படாதீக. கேக்காம விட்டாத்தான் ஆபத்து.” பிறகு ஒரு கேள்வி கேட்டார். “ஏட்டம்மா, நேத்து வரைக்கும் வரமாட்டேன்ன புள்ள இன்னைக்கு எப்படி வாரேன்னுச்சு? அதுகிட்ட என்ன சொன்னீக?”

ஜக்கம்மாள் போனை வைத்துவிட்டாள்.

மணி பதினொன்று ஐம்பது. மோகன்குமார் உள்ளேயே வந்துவிட்டான். அவன் போனை நீட்டினான். கட்சிக்காரர் ஒருவர் பேசினார், அம்மா குடும்ப விஷயம், பெரிசு பண்ணாமல் அனுப்பி வையுங்கள் என்றார். சட்டப்படி முடித்து அனுப்புகிறேன் அண்ணே என்று சொல்லி ஜக்கம்மாள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். எழுதின தாளைக் காட்டுங்கள் என்றான் மோகன்குமார். எஸ்.ஐ. கையெழுத்து வேண்டும் என்றாள். நிலையப் பொறுப்பில் நீங்கள்தானே இருக்கிறீர்கள் என்றான். ஆள் கெட்டிக்காரன். அவனுடைய மூன்று ஆட்களும் லிடியா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே வந்து நின்றுகொண்டார்கள். ஒருவன் அவளைப் போனில் படம் எடுத்தான். ஜக்கம்மாள் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அழிக்க வைத்து, லிடியாவை எழுப்பித் தன் மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தாள்.

“அக்கா, கெளம்பு. புள்ளையக் கூட்டிட்டு வா,” என்று மோகன்குமார் வெள்ளையம்மாளைப் பார்த்துச் சொன்னான்.

வெள்ளையம்மாள் எழுந்தாள். ஜக்கம்மாள் போய் அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். வாக்குமூலம் பாக்கியிருக்கிறது, பத்து நிமிஷம் என்றாள். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்க நாலு நிமிஷம் இருந்தது. அந்த நாலு நிமிஷமும் யாரும் அசையவில்லை. மோகன்குமார் கதவைப் பார்த்தான், ஏட்டம்மாவைப் பார்த்தான். கதவைத் தள்ளிவிட்டால் என்ன என்று அவன் கணக்குப் போடுவது நெற்றியில் தெரிந்தது. பன்னிரண்டு ஆனதும் வெள்ளையம்மாளே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ராகுகாலத்தில் பிள்ளையை வண்டியில் ஏற்ற மாட்டேன் என்றாள். அக்கா சொல்லைத் தம்பியால் தட்ட முடியவில்லை. ஒன்றரை வரைக்கும் அவகாசம் கிடைத்தது.

ஜக்கம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில் முழங்கால் மடங்க உட்கார்ந்தாள். பானு அழவில்லை. அழுதால்கூடத் தேவலை என்று இருந்தது.

நேராகக் கேட்டாள். சாகணும்னு நினைப்பு இருக்கா என்று.

“அங்க கொண்டுபோயி விட்டுட்டா வேற வழியில்லன்னு நெனச்சேன்,” என்றாள் பானு, பாடம் ஒப்பிப்பதுபோல்.

“இப்ப?”

“இப்பத் தெரியல.”

தெரியலை என்பது போதும் என்று ஜக்கம்மாள் பிடித்துக்கொண்டாள். இருபத்தொரு வருஷச் சர்வீஸில் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னாள்.

“ஏத்தா, காலையில நான் கத்துனேன்ல, கடத்தல் கேஸு, ஏழு வருஷம்னு. அது பொய்யி. நீ ஒன் இஷ்டத்துலதான போன? அவ மேல ஒரு கேஸும் வராது.”

பானு முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். “காலையில எங்கம்மாவுக்காகச் சொன்னீக. இப்ப யாருக்காகச் சொல்றீக?”

அது அறைந்தமாதிரி இருந்தது. ஊரே நம்புகிற ஏட்டம்மாவை இருபது வயசுப் பெண் நம்பவில்லை. நம்ப அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது? நான் சொல்கிறேன், நம்பு என்று ஜக்கம்மாள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பானு சுவரைப் பார்த்தாள்.

“லிடியாவுக்கு முன்னாடி சொல்லுங்க,” என்றாள் கடைசியில். “எங்கம்மாவும் கேக்கட்டும். எல்லாரும் இருக்கையில சொல்லுங்க. அப்பத்தான் நெசம்.”

தனி அறையில் ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன் என்பது ஒன்று. மனு கொடுத்தவர்கள் முன்னால், புதுக் காவலர் முன்னால், கட்சிக்காரருக்குப் போன் போடுகிறவன் முன்னால் சொல்வது வேறு. அந்தச் சொல்லை வைத்துத்தான் அவள் பெயரே கட்டப்பட்டிருந்தது. செத்த நேரம் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, தொப்பியை மாட்டி, கதவை அகலத் திறந்தாள்.

லிடியாவைக் கதவருகே வரச் சொன்னாள். வெள்ளையம்மாளையும் கூப்பிட்டாள். கேட்கட்டும் என்று மோகன்குமாரையும் விட்டுவைத்தாள். உடம்பை நிமிர்த்தி, அணிவகுப்பில் நிற்பதுபோல் நின்று சொன்னாள். காலையில் கடத்தல் கேஸ் என்று சொன்னது பொய். அம்மாவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். சட்டத்தில் அப்படி இல்லை. லிடியா மேல் கேஸ் இல்லை. இந்தப் பெண் எங்கே போக வேண்டும் என்று அவள்தான் சொல்ல வேண்டும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

லிடியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளையம்மாளுக்குப் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. மோகன்குமாருக்கு முழுதும் விளங்கியது.

“யூனிபாரத்தப் போட்டுக்கிட்டுப் பொய் சொன்னேன்னு நீயே ஒத்துக்கிற. இத நான் சும்மா விடுவேன்னு நெனச்சியா?”

“ஆமாங்க, நாந்தாங்க சொன்னேன். தப்புத்தாங்க. எங்க எழுதிப் போடணுமோ போடுங்க. இப்ப நீங்க வெளிய உட்காருங்க.”

அந்த ‘ங்க’ ஏறுவதைக் கேட்டு பக்ருன்னிசா தானாக ஓரடி பின்னால் போனாள். மோகன்குமாருக்கு அந்த அடையாளம் தெரியாது. இரண்டு பொட்டச்சிகள் குடித்தனம் பண்ணுவதற்குப் போலீஸ் காவலா என்று கேட்டான். ஜக்கம்மாள் குரலை உயர்த்தவில்லை. நீங்க உட்காருங்க என்று இன்னொரு தடவை சொன்னாள். அவன் உட்காரவில்லை, ஆனால் வெளியே போனான்.

கதவு மறுபடி சாத்தப்பட்டது. முதல் தாளை ஜக்கம்மாள் கிழிக்கவில்லை. அதுவும் கோப்பில் இருக்கட்டும் என்று குத்தி வைத்தாள். பானு புதிய தாளில் எழுதினாள். தாயாருடன் செல்ல விருப்பமில்லை. எந்தச் சிகிச்சைக்கும் சம்மதமில்லை. லிடியாவுடன் இருக்க விருப்பம். என் முகவரியை யாருக்கும் தர வேண்டாம். எழுதி முடித்துவிட்டு, முதல் தாளின் அந்தக் கடைசி வரியை இதில் எழுத வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் ஜக்கம்மாள். அந்த நினைப்பு மறுபடி வந்தால் யாரிடம் சொல்வாய் என்று கேட்டாள். பானு யோசித்து லிடியா என்றாள். லிடியா தவிர இன்னொரு ஆளும் வேண்டும் என்று ஜக்கம்மாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜோஸ்பின் உள்ளே வந்தார். வந்தவர் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டார். தன் நம்பரைப் பானு கையிலேயே எழுதினார். மையத்தில் ஐந்து நாள் இரண்டு பேரும் தங்கலாம், மனசுக்குப் பார்க்கிற நல்ல டாக்டர் இருக்கிறார், உன்னை மாற்றுவதற்கு இல்லை, நீ தூங்குவதற்கு என்றார்.

கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. மோகன்குமார் கார் கேட்டுக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது. மையத்து வண்டி வெளியேற வழியில்லை. ஜக்கம்மாள் இரண்டு பெண்களையும் வண்டியில் ஏற்றி, பக்ருன்னிசாவை அவர்களோடு உட்கார வைத்து, தான் நடந்து கேட்டுக்குப் போனாள். காருக்கு முன்னால் நின்றாள்.

“இருபது வயசுப் பொண்ணுங்க. எழுதிக் குடுத்துட்டாங்க. மனு முடிஞ்சிருச்சுங்க. காரை எடுங்க.”

எடுக்காவிட்டால் என்ன செய்வாய் என்றான் அவன். அரசு வண்டியை மறித்ததற்கு உங்கள் பேரில்தான் அடுத்த மனு எழுத வேண்டும், இது பொய்யில்லைங்க என்றாள். அவனுடைய ஆட்களில் ஒருவன் அவன் காதில் ஏதோ சொன்னான். கார் ஒரு சாண் பின்னால் போனது. நின்றது. பிறகு சாண் சாணாக நகர்ந்து வழிவிட்டது. ஜக்கம்மாள் வண்டியின் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு, அது மெயின் ரோட்டில் ஏறித் திரும்புகிறவரை கூடவே நடந்தாள். கண்ணாடிக்குள் பானு திரும்பிப் பார்த்தது அவளை இல்லை, நிலையத்து வாசலை.

மோகன்குமார் அவளைப் பற்றி எழுதிப் போட்டான். அடுத்த வாரமே மெமோ வந்தது, பொய் சொல்லி மிரட்டியதற்கு விளக்கம் கேட்டு. யாரையும் கேட்காமல் அவளே பதில் எழுதினாள், சொன்னது உண்மை என்று. விசாரணை இன்னும் நடக்கிறது. அந்த நிலையத்தில் ஏழு வருஷம் என்ற சொல் அதோடு ஒழிந்துபோனது என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். பக்ருன்னிசா சொல்வதில்லை. அவ்வளவு தெரியும்.

அன்றைக்கு வண்டி போனதும் ஜக்கம்மாள் உள்ளே திரும்பினாள். வெள்ளையம்மாள் மட்டும் பெஞ்சில் இருந்தாள். வெளியே தம்பி ஆரனை அடித்துக்கொண்டிருந்தான். அவள் எழவில்லை.

“எந்தப் பக்கம் போகுது வண்டி?” என்று கேட்டாள்.

சொல்லக் கூடாது என்று உன் மகள் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றாள் ஜக்கம்மாள். நம்பரும் தர முடியாது. நீ ஏதாவது சொல்ல நினைத்தால் என்னிடம் சொல், அவளுக்குக் கேட்க இஷ்டமிருந்தால் சேர்ப்பேன், இல்லையென்றால் இல்லை. வெள்ளையம்மாள் தன்னைத் திட்டுவாள் என்று ஜக்கம்மாள் எதிர்பார்த்து நின்றாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள்.

“அந்த எடத்துல கட்டித்தான் போடுவாகளா தாயி?” என்று கேட்டாள் வெள்ளையம்மாள்.

“ஆமா.”

“தம்பி அதச் சொல்லல.”

ஆரன் மறுபடி அடித்தது. வெள்ளையம்மாள் எழுந்து, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, நிலக்கோட்டைக்கு எந்தப் பஸ் என்று கேட்டாள். கேட்டைத் தாண்டி, காரைப் பார்க்காமல், நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். காருக்குள்ளிருந்து அக்கா, அக்கா என்று கூப்பிட்டார்கள். அவள் பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.